பழைய தராசில் நிறுத்த தண்டனை

2018-ஆம் வருஷம் ஜூன் முதல் தேதியை நம் வியாபாரப் பெருமக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 6 வீதம் நாம் வசூலித்துக் கட்டி வந்த பொருள் சேவை வரி அன்று காலையில் பூஜ்யமாயிற்று. முதல் நாள் சாயங்காலம் புந்தோங் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் பத்துப் பெட்டி சவர்க்காரம் எடுத்துப் போயிருந்தார். மறுநாள் நான் கடை திறந்ததும் வந்து நின்று, "நேற்றுக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் பாய்" என்றார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். சிரித்துக்கொண்டே தேநீர் குடித்துவிட்டுப் போனார். வாங்கிய அன்றைய விலைக்கு வாங்கியது வாங்கியதுதான். இந்த நியாயம் இல்லாவிட்டால் வியாபாரி எவனும் ஒரு நாளும் கணக்கை முடித்துப் பெட்டியைப் பூட்ட முடியாது.

இதே நியாயத்தை ஐந்து வருஷம் கழித்து நான் தூக்குத் தண்டனைக் கைதிகள் விஷயத்திலும் சொன்னேன். 2023-இல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனையை நீக்கிச் சட்டம் வந்தபோது, அஸர் தொழுகைக்குப் பிறகு கூடியிருந்த நண்பர்களிடையே பேச்சு அதைப் பற்றித் திரும்பியது. இனிமேல் வரும் வழக்குகளுக்குப் புதுச் சட்டம், அது சரி. ஏற்கெனவே தீர்ப்பாகி உள்ளே இருப்பவர்களுக்கும் ஏன் குறைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான், "விற்ற சரக்குக்கு மறுவிலை உண்டா?" என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன்; நம்மில் பலருக்கு இது பத்திரிகைத் தலைப்பு மட்டத்தில்தான் தெரியும். இரண்டு சட்டங்கள் வந்தன. 2023 ஜூலை 4-இல் அமலுக்கு வந்த முதல் சட்டம், இந்தக் குற்றத்துக்கு மரணம் தவிர வேறு தண்டனை இல்லை என்று நீதிபதியின் கையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தது. மரண தண்டனை அடியோடு போய்விடவில்லை. கொலைக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கும் அது இன்றும் உண்டு. ஆனால் கட்டாயமில்லை. நீதிபதி வழக்கைப் பார்த்து, கொலையானால் 30 முதல் 40 வருஷம் வரை சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும், கடத்தலானால் ஆயுள் சிறையும் அதே பிரம்படியும் விதிக்கலாம். நம் சட்டத்தில் ஆயுள் சிறை என்றால் 30 வருஷம். சாகும் வரை சிறை என்ற தண்டனையும் எடுபட்டது.

அதே வருஷம் செப்டம்பர் 12-இல் அமலுக்கு வந்த இரண்டாவது சட்டம்தான் நம் விஷயம். பழைய சட்டப்படி மரண தண்டனையோ சாகும் வரை சிறையோ பெற்று, மேல்முறையீடெல்லாம் முடிந்துபோனவர்கள், தங்கள் தண்டனையை மறுபடி பார்க்கும்படி கூட்டரசு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம் என்றது அது. தவணை 90 நாள். குற்றவாளியா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. அந்தத் தீர்ப்பு தீர்ப்புதான். எவ்வளவு தண்டனை என்பது மட்டும் கேள்வி. ஒரு தடவைதான் கேட்கலாம். நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இந்த வாசல் திறந்தது. அந்த நவம்பரிலேயே விசாரணைகள் தொடங்கிவிட்டன.

அப்போதுதான் அந்த அம்மாள் என் கடைக்கு வந்தார்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு அதிலும் பாதியில் வீடுகள் எழும்பிவிட்டன. லயத்தைக் காலி செய்து ஈப்போவுக்கு வந்தபோது புருஷனும் இல்லை. மகன் ஒருவன், பள்ளிப் படிப்பை முடிக்காதவன். அவன் என் கடையில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கினான். சம்பளம் கூட்டித் தரும்படி ஒரு நாள் கேட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டான். அதன் பிறகு அவனைப் பற்றி நான் கேள்விப்பட்டது 2011-இல், பொட்டலத்தோடு பிடிபட்டான் என்பதுதான். அவனுக்கு மரண தண்டனை விதித்ததும் அது மேல்முறையீட்டில் உறுதியானதும் காதில் விழுந்தன. நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

"எம்மவன் தப்பு செஞ்சான் பாய். அத நான் இல்லேன்னு சொல்லல. வக்கீலு கேக்கறாரு, முன்னே வேலை செஞ்ச எடத்துலேர்ந்து ஒரு கடுதாசி வேணும்னு. உங்க கடையிலதான் செஞ்சான்" என்றார் அந்த அம்மாள்.

நான் உடனே எழுதிக் கொடுத்துவிடவில்லை. கடையின் பெயர் அச்சடித்த தாளில் ஒரு போதைப்பொருள் வழக்குக்காரனுக்குக் கையெழுத்தா என்று மனம் பின்வாங்கியது. நாளைக்கு வாருங்கள் என்றேன். வியாபாரியின் 'நாளைக்கு' என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் மறுநாள் வந்தார்.

அந்த ஓர் இரவில் நான் என் சவர்க்காரப் பெட்டி நியாயத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது இரண்டு இடத்தில் ஒட்டவில்லை.

முதலாவது, சவர்க்காரம் வாங்கியவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. சிறையில் இருப்பவன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். காலையில் கதவு திறக்கும்போது ஒரு தவணை, மாலையில் பூட்டும்போது ஒரு தவணை. தூக்குக் கைதியாக இருந்தால், கட்ட வேண்டிய பெருந்தொகை இன்னும் முன்னால் நிற்கிறது. சரக்கு இந்த விலை பெறாது என்று விற்றவனே ஒப்புக்கொண்ட பிறகு, பழைய விலைக்கு மீதித் தவணையை வசூலிக்க இன்றைக்கு ஆள் அனுப்புகிறோம். நேற்று நடந்ததை நேற்றோடு விடுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் வசூல் நடப்பது இன்று.

இரண்டாவது இதைவிடப் பெரியது. விலை குறைவது வேறு, தராசு தவறாக இருப்பது வேறு. நம் கடைத் தராசுக்கு முத்திரை போட வரும் அதிகாரி, படிக்கல் குறைகிறது என்று கண்டுபிடித்து அதை ஒதுக்கி வைக்கிறார் என்று வையுங்கள். நாளை முதல் சரியாக நிறுப்போம். நேற்று அதே கல்லில் வாங்கிப் போனவர் வந்து, 'என் சரக்கை மறுபடி நிறுங்கள்' என்று கேட்டால், 'விற்றது விற்றதுதான்' என்று சொல்ல நம்மில் யாருக்காவது நா எழுமா? தோட்டத்து ஜனங்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பால் ஸ்டோரில் கிராணி பிடித்த தராசை நம்பித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது.

ஆகவே கேள்வி இதுதான்: 2023-இல் நடந்தது விலைக் குறைப்பா, தராசுத் திருத்தமா?

பழைய சட்டம் எப்படி நிறுத்தது என்று பாருங்கள். அபாயகர போதைப்பொருள் சட்டம் 1952-இல் வந்தது. கடத்தலுக்கு மரணத்தைக் கட்டாயமாக்கியது 1983-இல். ஹெராயின் என்றால் 15 கிராம். பவுனுக்கு 8 கிராம் என்று நகைக்கடைக்கார அன்பர்கள் அறிவார்கள். ஆக, இரண்டு பவுனுக்கும் குறைந்த எடை. அவ்வளவு கையில் இருந்தால் கடத்துகிறவன் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லையென்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். பொட்டலம் இருந்த பை அவன் கையில் இருந்தது, எனவே உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும் என்று ஓர் ஊகம். தெரியுமென்றால் கடத்தத்தான் வைத்திருந்தான் என்று அதன் மேல் இன்னோர் ஊகம். இப்படி ஊகத்தின் மேல் ஊகம் அடுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கூட்டரசு நீதிமன்றமே 2019-இல் சொன்னது. குற்றம் உறுதியான பிறகோ நிறுப்பதே கிடையாது. பொட்டலத்தை நிறுத்தார்கள், ஆளை நிறுக்கவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரனும், கூலிக்குப் பையைத் தூக்கியவனும், ஐம்பது வயதுக்காரனும், பத்தொன்பது வயதுப் பையனும் ஒரே தட்டு. நீதிபதி என்ன நினைத்தார் என்பதற்கு அங்கே இடமில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 1948 ஜூனில் அங்கே தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தபோது, கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு என்று விதி செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கணபதி அந்த விதிப்படிதான் 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்பவரை 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் விடுவித்தது. அவர் பிழைத்தது மேல்முறையீட்டில் எழுந்த ஒரு சட்டப் பிரச்சினையால்.

பழைய தராசின் தவறு எவ்வளவு அப்பட்டமானது என்பதற்கு ஒரு தேதியே போதும். 2017-இல் கடத்தல் சட்டத்தைத் திருத்தி, சில நிபந்தனைகளோடு நீதிபதி ஆயுள் சிறை விதிக்கலாம் என்றார்கள். அது 2018 மார்ச் 15-இல் அமலுக்கு வந்தது. அன்றுவரை தீர்ப்பாகாத வழக்குகளுக்கு மட்டும் அது பொருந்தும் என்று விதி. ஒரே மாதிரிப் பொட்டலம், ஒரே மாதிரிக் கூலி. ஒருவனுக்கு மார்ச் 14-இல் தீர்ப்பு, மற்றவனுக்கு மார்ச் 16-இல். வழக்கறிஞருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து வாய்தா வாங்கியிருந்தால் முதல் ஆளுக்கும் வழி திறந்திருக்கும். உயிர் போவதும் இருப்பதும் இப்படியா தீர்மானமாக வேண்டும்? சவர்க்காரப் பெட்டிக்கு மே 31-உம் ஜூன் 1-உம் பொறுத்துக்கொள்ளலாம். மனிதனுக்கு அது பொருந்தாது.

நம் அரசியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, குற்றம் செய்த நாளில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையைப் பின்னால் வரும் சட்டத்தால் விதிக்கக் கூடாது என்கிறது. கூட்டல் பின்னோக்கிப் போகாது. கழித்தலைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. அந்த இடத்தைத்தான் 2023-இன் இரண்டாவது சட்டம் நிரப்பியது. நாடாளுமன்றத்தில் இவற்றைக் கொண்டுவந்தவர் அப்போதைய துணையமைச்சர் ராம்கர்ப்பால் சிங். அவருடைய தந்தை கர்ப்பால் சிங் தூக்குக் கைதிகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர். 2014-இல் நம் கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் காலமானார். அவர் கேட்டது அவர் மகன் காலத்தில் பாதியாவது கிடைத்தது.

மறுபடி நிறுப்பதிலும் தரம் உண்டு. இதற்குச் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே அகப்பட்ட நம் ஈப்போப் பிள்ளைகளின் கதை நமக்கு அன்னியமானதல்ல.

சிங்கப்பூர் நம்மை முந்திக்கொண்டு 2012-இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஏற்கெனவே மரண தண்டனை பெற்றிருந்தவர்களும் மறு தண்டனை கேட்கலாம் என்றது. சபாவைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு 2013-இல் தூக்கு ஆயுள் சிறையாக மாறியது. ஆனால் அந்த வாசலில் இரண்டு பூட்டு. முதலில், நீ வெறும் கூலித் தூக்கி என்று காட்ட வேண்டும். அதன் பிறகு, போதைப்பொருள் நடமாட்டத்தைத் தடுக்க நீ கணிசமாக உதவினாய் என்று அரசு வழக்கறிஞரே சான்றிதழ் தர வேண்டும். அல்லது உன் மனநிலை குன்றியிருந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். 2010-இல் மரண தண்டனை. திருத்தம் வந்த பிறகு மறு தண்டனை கேட்டார். அறிவுத்திறன் 69 என்று ஒரு பரிசோதனையில் கண்டிருந்தது. தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது என்று கூறி 2017-இல் உயர் நீதிமன்றமும் 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விண்ணப்பத்தைத் தள்ளின. சான்றிதழும் கிடைக்கவில்லை. நம் பிரதமர் கடிதம் எழுதினார், பலன் இல்லை. கடைசியாக, தாயாரோடு சேர்ந்து செய்த முறையீடும் 2022 ஏப்ரல் 26-இல் தள்ளுபடியாயிற்று. மறுநாள் விடியற்காலை தூக்கு. உடல் ஈப்போவுக்கு வந்தது. இதே ஈப்போவைச் சேர்ந்த பன்னீர் செல்வம் பிரந்தாமன், 51.84 கிராமோடு 2014-இல் பிடிபட்டவர். கூலித் தூக்கிதான் என்று நீதிபதியே ஏற்றார். சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் கட்டாய மரணம் நின்றது. 2025 அக்டோபர் 8-இல் தூக்கிலிட்டார்கள்.

இந்தச் சான்றிதழ் ஏற்பாட்டை வியாபாரிகள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். போலீஸாருக்கு உபயோகமான தகவல் யாரிடம் இருக்கும்? கிடங்கு எங்கே, முதலாளி யார் என்று தெரிந்தவனிடம். கடைக்கோடியில் பை தூக்குகிறவனுக்கு ஒரு புனைபெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்தான் தெரியும். ஆக, எவன் குற்றத்தில் ஆழமாக இருந்தானோ அவன் கையில் மாற்றுச் சரக்கு இருக்கிறது. எவன் ஓரத்தில் இருந்தானோ அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பெரிய வாடிக்கைக்குத் தள்ளுபடி, சில்லறைக்காரனுக்கு முழு விலை. நாம் கடையில் அப்படிச் செய்வது வியாபாரம். நீதி ஸ்தலத்தில் செய்வதற்கு என்ன பெயர் வைப்பது? நம் 2017 திருத்தத்திலும் 'உதவி செய்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருந்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள். இது பலர் கவனிக்காத விஷயம். என் அபிப்பிராயத்தில் அந்தச் சட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் அதுவே.

அமெரிக்காவிலும் தராசுதான் பிரச்சினையாயிற்று. 1986-இல் அங்கே செய்த சட்டத்தில், கட்டியாக்கிய கொக்கெயின் 5 கிராமுக்கும் பொடிக் கொக்கெயின் 500 கிராமுக்கும் ஒரே தண்டனை, குறைந்தது 5 வருஷம். ஒரே சரக்கு, ஒன்றுக்கு நூறு! கட்டி விற்றுப் பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர். 2010-இல் அதை ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைத்தார்கள், இனி வருபவர்களுக்கு மட்டும். உள்ளே இருந்தவர்கள் பழைய கணக்கிலேயே கிடந்தார்கள். அவர்களும் குறைக்கக் கேட்கலாம் என்ற சட்டம் 2018-இல்தான் வந்தது. தவறு என்று தெரிந்த பின் எட்டு வருஷம்.

இனி மறு பக்கத்தையும் பேசிவிடுவோம். 'பாவம்' என்று சொல்லி எல்லோரையும் திறந்துவிடலாம் என்பவன் அல்ல நான். நம் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பொடிக்கு அடிமையாகிக் கடைக் கல்லாவில் கை வைத்தான், எந்தத் தாய் அவனை அறையில் பூட்டி வைத்துக் காவல் இருந்தார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பொடி ஒருவன் தூக்கி வந்த பையில்தான் வந்தது. கொலை வழக்கில் இன்னும் கடினம். வழக்கு முடிந்தது, தீர்ப்பாயிற்று என்று ஒருவாறு மனத்தை ஆற்றிக்கொண்ட குடும்பத்தின் வாசலில், பத்து வருஷம் கழித்து மறுபடி அந்தப் பெயரைக் கொண்டுபோய் வைக்கிறோம். 'எங்கள் பிள்ளைக்கு மறு விசாரணை உண்டா?' என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? என்னிடம் பதில் இல்லை. மறுபடி நிறுப்பதற்கு ஒரு விலை உண்டு; அதைக் கட்டுவது பல சமயம் நிரபராதிகளே.

ஆனால் மறுபடி நிறுத்தால் குறைந்தே தீரும் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்து, சரியாகவே இருக்கிறது என்று வந்தால் அப்படியே இருக்கட்டும். கூட்டரசு நீதிமன்றம் அப்படியே செய்தது. பெரும்பாலோருக்கு 30 வருஷம் என்று மாறியது. சில கொலை வழக்குகளில் 40 வரை போயிற்று. கொடூரம் மிகுந்த சிலவற்றில் தூக்கே உறுதியாயிற்று. முன்பு தூக்கு என்றதும் இப்போது தூக்கு என்றதும் ஒன்றல்ல. முன்பு எழுதி வைத்ததைப் படித்தார்கள். இப்போது அந்த மனிதனையும் அவன் செய்ததையும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கும் இதில் ஒரு கௌரவம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர்களுடைய இழப்பும் அன்றுதான் நிறுக்கப்பட்டது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்டனைக் குறைப்பு என்றதும் நம் மனத்தில் எழுவது மன்னிப்பு. மாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் சுல்தானுக்கு உண்டு. மன்னிப்பு வாரியம் கூடி ஆலோசனை சொல்லும். தமிழ்நாட்டில் 2008-இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆயுள் கைதிகளை ஒரேயடியாக விடுவித்தார்கள். இவையெல்லாம் கருணை. கொடுப்பவர் மனம், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும். தராசு தவறு என்று கண்ட பின் மறுபடி நிறுக்கக் கேட்பது கருணையைச் சேர்ந்ததல்ல. அதைக் கேட்க ஒருவன் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை. மோசமான வாடிக்கைக்காரனுக்கும் சரியான எடை போட வேண்டும் என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதம் உண்டா? அவன் கடன் பாக்கி வைத்திருக்கலாம், வாய்க் கொழுப்பு பிடித்தவனாக இருக்கலாம். எடை எடைதான்.

இது விளங்கியதும் என் கடிதச் சங்கடம் தானே தீர்ந்தது. அன்று இரவு என்னைத் தடுத்தது, 'இவன் நல்லவன் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?' என்ற எண்ணம். அப்படி எழுதும்படி அந்த அம்மாள் கேட்கவே இல்லை. எங்கே வேலை செய்தான், எப்படிச் செய்தான் என்பதுதான் கேள்வி. நான் பார்த்ததை எழுதினால் போதும். பார்க்காததை எழுதினால், நானும் ஒரு பொய்ப் படிக்கல்லைத் தட்டில் வைத்தவனாவேன். மனு எழுதிக் கொடுக்கும் நம்மவர்கள் சிலர் இந்த இடத்தில் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். 'ஒழுக்கசீலன், தர்மவான்' என்று அடுக்கிவிடுகிறார்கள். அது அவனுக்கும் உதவாது, அடுத்து வருகிறவனுக்கும் கெடுதல்.

நான் எழுதியது இவ்வளவுதான். இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை என் கடையில் மூட்டை தூக்கினான். நேரத்துக்கு வந்தான். இரண்டு வருஷத்தில் கல்லாவில் ஒரு காசு குறைந்ததாக எனக்கு நினைவில்லை. சம்பளம் கூட்டக் கேட்டான், நான் கூட்டவில்லை, போய்விட்டான். அதன் பிறகு அவன் செய்ததைப் பற்றி எனக்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டு வரிகளை வக்கீல் எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

தோட்டம் உடைந்ததற்கும் இவன் பை தூக்கியதற்கும் சம்பந்தம் கற்பிக்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. அதைத் தடுக்கத்தான் 1960-இல் சுங்கை சிப்புட் பெற்ற சம்பந்தன் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார். பிறகு செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது. ஜனங்கள் பட்டணத்து ஓரத்துக்கு வந்து விழுந்தார்கள். உண்மைதான். ஆயினும் அதே லயத்திலிருந்து வந்த நூறு பிள்ளைகள் பை தூக்கவில்லை. அந்த அம்மாளே இந்தச் சமாதானத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதால் நானும் அதை நீட்டவில்லை.

2024-இல் தீர்ப்பு வந்தது. மரணம் நீங்கியது. 30 வருஷம், பிடிபட்ட நாளிலிருந்து கணக்கு, 12 பிரம்படி. புத்ராஜெயாவிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த அம்மாள் கடைக்கு வந்தார். "அடி எப்பப் போடுவாங்க பாய்?" என்றுதான் முதலில் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் கிடையாது, அவனுக்கு உண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவன் எப்போது வருவான் என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி கேட்டார்.

2011-உம் 30-உம் 2041. நன்னடத்தையோடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். பத்து வருஷம் போனால் 2031. அந்த அம்மாளுக்கு அப்போது 66 வயது. 73-இல் மகனைப் பார்ப்பார், ஹயாத் இருந்தால். நான் விரலை மடக்கிச் சொன்னதை அவர் நம்பவில்லை. கல்குலேட்டரில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னார். 2031 என்று பெரிதாக எழுதினேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அரைக் கிலோ பருப்பு கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.